இறங்கி வந்தவர்

கோவணத்தைக் காப்பாற்றப் பூனை வளர்த்த சந்நியாசியின் கதையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எலி கடித்ததென்று பூனை வந்தது; பூனைக்குப் பால் வேண்டுமென்று பசு வந்தது; பசுவைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண் வந்தாள்; கடைசியில் சந்நியாசி பிள்ளைகுட்டிக்காரன் ஆனான். இந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்காத திண்ணை நம் நாட்டில் கிடையாது. நானும் சிரித்தவன்தான். ஆனால் 1984ஆம் ஆண்டுக்குப் பிறகு யாராவது இதைச் சொன்னால் என்னால் முழு மனத்தோடு சிரிக்க முடிந்ததில்லை. அந்த வருஷம் எங்கள் ஊர் அந்தக் கதைக்குப் பொருத்தமாக உயிருள்ள ஒரு மனிதரைக் கண்டுபிடித்துவிட்டது. அவர் எனக்குத் தமிழ் சொல்லித் தந்த ஆசிரியர்.

எங்கள் ஊர் தாமிரபரணிக்குத் தென்கரையில் இருக்கிறது. ஊரில் கத்தோலிக்கச் சகோதரர்கள் நடத்திய பள்ளி ஒன்று உண்டு. சைவ வீட்டுப் பிள்ளைகளும் அங்கேதான் படித்தோம். அங்கே வெள்ளை அங்கி போட்ட எல்லாரையும் முதலில் ‘சாமியார்’ என்றுதான் கூப்பிட்டோம். அவர்தான் எங்களைத் திருத்தினார். “நான் சாமியார் இல்லை, தம்பி. எனக்குப் பூசை வைக்கிற அதிகாரம் கிடையாது. பாவசங்கீர்த்தனம் கேட்கிற அதிகாரமும் கிடையாது. நான் பிரதர். பிரதர் என்றால் என்ன? அண்ணன். அவ்வளவுதான்.”

இந்த வேறுபாடு பலருக்குத் தெரியாது. குருப்பட்டம் பெற்றவர் வேறு. மடத்தில் சேர்ந்து ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்ற மூன்று வார்த்தைப்பாடுகளைக் கொடுத்துவிட்டு, குருப்பட்டம் இல்லாமலே தொண்டு செய்யும் சகோதரர் வேறு. பிரான்ஸ் தேசத்து ரான்ஸ் நகரத்தில் 1680இல் ஏழைப் பிள்ளைகளுக்காக ஆசிரியர்களைச் சேர்த்து ஒரு கூட்டமாக வாழவைத்த ஜான் பாப்டிஸ்ட் டி லா சால், தாம் குருவாக இருந்தும், தம்முடைய ஆசிரியர்கள் குருக்கள் ஆகக் கூடாது என்று முடிவு செய்தார். ஒருவருக்கொருவர் சகோதரர்; மாணவர்களுக்கு மூத்த சகோதரர்; வேறு பட்டமே வேண்டாம் என்பது அவர் கொள்கை. எங்கள் ஆசிரியர் சேர்ந்திருந்த சபை வேறு. ஆனால் அந்தப் பெயரின் பொருள் ஒன்றுதான்.

அவர் தகப்பனார் பனையேறி. வீட்டுக்கு மூன்றாவது பிள்ளையான இவர் 18 வயதில், 1964இல் மடத்தில் சேர்ந்தார். நாங்கள் படித்தபோது முப்பதைத் தாண்டியிருந்தார். வகுப்பில் குறளும் சொல்லுவார், கம்பனும் சொல்லுவார், தேம்பாவணியும் சொல்லுவார். ஒரு நாள் சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. “வீரமாமுனிவர் இயேசு சபைத் துறவி. கல்யாணம் என்பதே அவருக்கு இல்லை. அவர் காவியம் பாட எடுத்துக்கொண்ட தலைவன் யார்? வளன் என்கிற சூசையப்பர். தச்சர், குடும்பஸ்தர். அந்தச் சூசையப்பர் ஒரு வார்த்தை பேசியதாகக்கூட நான்கு சுவிசேஷங்களிலும் இல்லை. பேசாத ஒரு சம்சாரியைப் பற்றி ஒரு சந்நியாசி மூவாயிரத்துக்கு மேல் பாட்டுப் பாடியிருக்கிறார். ஏன் என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்குப் போங்கள்.” நாங்கள் யோசிக்கவில்லை, பந்து விளையாடப் போனோம். அவர் யோசித்துக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

1984 ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது அவர் இல்லை. மாற்றலாகிப் போயிருப்பார் என்று நினைத்தோம். இரண்டு வாரத்தில் உண்மை தெரிந்துவிட்டது. அவர் மடத்தை விட்டு வெளியே வந்துவிட்டார். பக்கத்து நகரத்தில் ஓர் அச்சகத்தில் புரூப் திருத்துகிறார். வேட்டியும் அரைக்கைச் சட்டையும் போட்டுக்கொண்டு சைக்கிளில் போகிறார். மடத்தில் 20 வருஷம் உழைத்தவருக்குக் கையில் சேமிப்பு ஒன்றும் இருக்க நியாயமில்லை. சம்பளம் அவருடையதல்ல, சபையினுடையது. வெளியே வருகிறவர் தாம் செய்த வேலைக்காக எதையும் கோர முடியாது என்பது திருச்சபைச் சட்டம். அவரிடம் நீதியோடும் அன்போடும் நடந்துகொள்ள வேண்டும் என்று சபைக்கும் அதே சட்டம் சொல்லுகிறது. நீதிக்கும் அன்புக்கும் இவ்வளவு ரூபாய் என்று சட்டத்தில் கணக்குப் போட முடியுமா?

என் தாத்தா சிவபூஜை எடுத்துக்கொண்டவர். செய்தியைக் கேட்டதும் ஒரே சொல்லில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: “ஆரூடபதிதன்.” ஏறியபின் விழுந்தவன் என்று பொருள். ஏறாமலே கீழே இருப்பவனுக்குக் குற்றமில்லை. ஏறிவிட்டு விழுந்தவன் முகத்தில் விழிக்கக் கூடாது என்பது பழைய சாஸ்திரம். கிறிஸ்தவத் தெருவிலும் ஏறக்குறைய இதையே வேறு சொற்களில் சொன்னார்கள். மதங்களுக்குள் ஒற்றுமை இல்லை என்று யார் சொன்னது?

இரண்டு வருஷம் கழித்து, 1986இல், அவர் கல்யாணம் செய்துகொண்டார். பெண் ஒரு பஞ்சாயத்துப் பள்ளி ஆசிரியை. அந்த அம்மாளை அவர் முதல்முதலாகப் பார்த்ததே வெளியே வந்து ஒரு வருஷம் ஆனபிறகு. ஆனால் ஊருக்குக் கதை வேண்டுமே! பசுவைப் பார்த்துக்கொள்ள வந்த பெண் இல்லாமல் கதை முடியாதே! அந்த அம்மாள்தான் அவரை மயக்கி வெளியே கொண்டுவந்தாள் என்று பேசினார்கள். தேதியைக் கூட்டிப் பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை. ஓர் ஆண் தன் விரதத்தை விட்டான் என்றால் அதற்கு ஒரு பெண்ணைத் தேடிக் கண்டுபிடிப்பது உலகம் முழுவதும் உள்ள பழக்கம்.

அப்போது நான் கல்லூரி மாணவன். ஒரு நாள் காலையில் ரேஷன் கடை வாசலில் மண்ணெண்ணெய் வரிசையில் அவரைப் பார்த்தேன். கையில் ஒரு தகரக் கேன். பக்கத்தில் கர்ப்பிணியான மனைவி ஒரு கல்லின்மேல் உட்கார்ந்திருந்தாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. என்னோடு நான்கு நண்பர்கள். ஒருவன் தாழ்ந்த குரலில் பூனை மாதிரிக் கத்தினான். மற்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. சிரித்தேன். சிரித்துவிட்டு, அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் எதிர்த் தெருவில் திரும்பிவிட்டேன்.

அந்தச் சிரிப்பை நான் பிறகு எத்தனையோ தடவை எடுத்து வைத்துப் பார்த்திருக்கிறேன். அவர் எனக்கு என்ன கெடுதல் செய்தார்? ஒன்றுமில்லை. நான் கொடுக்காத, கொடுக்கவும் துணியாத ஒரு வாக்கை அவர் கொடுத்தார்; 20 வருஷம் காப்பாற்றினார்; பிறகு முடியாமல் திரும்பினார். அந்த 20 வருஷத்தில் ஒரு நாளைக்கூடக் காப்பாற்றத் தெரியாத நாங்கள், அவர் காப்பாற்றாத நாளைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

கொடுத்த வாக்கைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமா? இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு சமுதாயமும் ஒவ்வொரு விதமாகப் பதில் சொல்லியிருக்கிறது. தாய்லாந்திலும் பர்மாவிலும் பௌத்தப் பிள்ளைகள் சில வாரமோ சில மாதமோ காஷாயம் உடுத்துவதும் பிறகு களைவதும் வழக்கம். வருஷக்கணக்கில் பிக்ஷுவாக இருந்தவர் முறைப்படி காஷாயத்தைக் களைந்து வீடு திரும்பினாலும் அங்கே அவரைப் பார்த்து யாரும் பூனை போலக் கத்துவதில்லை. நம்முடைய பழைய சாஸ்திரமோ திரும்பும் கதவையே வைக்கவில்லை. கத்தோலிக்கத் திருச்சபை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. கதவு உண்டு, ஆனால் கனமான கதவு. 1983 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டத் தொகுப்பின்படி, நிரந்தர வார்த்தைப்பாடு கொடுத்தவர் மிகக் கனமான காரணங்கள் இருந்தால்தான், அவற்றைக் கடவுள் திருமுன் நிறுத்துப் பார்த்தபிறகுதான், விலக அனுமதி கேட்கலாம். பாப்பரசருக்கு நேரே உட்பட்ட சபையானால் அனுமதி ரோமாபுரியிலிருந்து வர வேண்டும். அந்த அனுமதியை அவருக்கு அறிவிக்கும் நேரத்திலும் ‘வேண்டாம்’ என்று மறுக்க அவருக்கு உரிமை உண்டு. மறுக்காவிட்டால் வார்த்தைப்பாடுகளின் கட்டு அப்போதே அவிழ்ந்துவிடுகிறது.

அந்தக் கடைசி நொடியை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு. கேட்டது வந்துவிட்டது; காகிதம் எதிரே இருக்கிறது; இன்னும் ‘வேண்டாம்’ என்று சொல்லலாம். ஒரு நாவலாசிரியன் எழுதத் துடிக்கும் நொடி அது. ஆனால் எங்கள் ஆசிரியரிடம் பின்னால் கேட்டபோது, “அப்போ என்ன நினைச்சீங்க?” என்ற என் கேள்விக்கு அவர் சொன்ன பதில்: “கையெழுத்துப் போடப் பேனாவில் மை இல்லை. மேலாளர் தம்முடைய பேனாவைக் கொடுத்தார். அதுதான் ஞாபகம் இருக்கு.”

அவரை நான் மறுபடி தேடிப்போனது 2007இல். எனக்கு அப்போது 40 வயது. நாலைந்து நாவல்கள் வெளிவந்து ஓரளவு பெயர் ஏற்பட்டிருந்தது. எழுதுகிறவனுக்குப் பெயர் ஏற்பட்டவுடன் வருகிற ஒரு நோய் எனக்கும் வந்தது. வீடு, மனைவி, இரண்டு பிள்ளைகள், அவர்கள் பள்ளிச் சம்பளம், மாமியாரின் கண் ஆபரேஷன் எல்லாம் சேர்ந்து என் எழுத்தைத் தின்றுவிடுகின்றன என்று தோன்றியது. இதையெல்லாம் விட்டுவிட்டு மலையடிவாரத்தில் ஓர் ஆசிரமத்தில் போய்த் தங்கிவிட வேண்டும். எழுத்தே தவமாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். ஆசிரமத்துக்குக் கடிதமும் எழுதியாயிற்று. மனைவியிடம் மட்டும் சொல்லவில்லை. போகுமுன் யாராவது ஒரு பெரியவர் ‘போ’ என்று சொன்னால் நன்றாயிருக்கும் என்று பட்டது. ஒரு வாழ்க்கையை விட்டு இன்னொரு வாழ்க்கைக்குப் போனவர் அவர். அவரை விட வேறு யாருக்கு இது புரியும்?

சிறிய ஓட்டு வீடு. வாசலில் ஒரு முருங்கை. நாற்காலியில் உட்கார்ந்து புரூப் பார்த்துக்கொண்டிருந்தார். விரலில் சிவப்பு மை. என்னைப் பார்த்ததும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். என் நாவல்களில் இரண்டைப் படித்திருந்தார். ஒன்றில் ஒற்றுப்பிழைகள் எத்தனை என்று எண்ணியும் வைத்திருந்தார்.

முதலில் மண்ணெண்ணெய் வரிசையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். “நானும் உன்னைப் பார்த்தேனே” என்றார். “அன்னைக்கு நீ கிட்டே வந்து வணக்கம் சொல்லியிருந்தா எனக்கும் கூச்சமாத்தான் இருந்திருக்கும். அதுக்குள்ளே வரிசை நகர்ந்துட்டுது.”

அவரை மகிழ்விக்க நினைத்து, பாதை முழுவதும் மனத்துக்குள் உருப்போட்டுக்கொண்டு வந்ததைச் சொன்னேன். “பிரதர், யோசிச்சுப் பார்த்தா நீங்க எதையுமே விடலை. ஏழ்மையை வீட்டிலேயும் காப்பாத்துறீங்க. ஒரே ஒரு பெண்ணுக்கு உண்மையா இருக்கிறதுதான் கற்பு. ராத்திரி குழந்தை அழுதா எழுந்து போறது கீழ்ப்படிதல். மடத்தை வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்துட்டீங்க.”

அவர் சிரிக்கவில்லை. சிவப்புப் பேனாவை மூடி வைத்தார்.

“கேட்க நல்லாருக்கு. ஆனா உண்மையில்லை. மடத்தில் இருந்தது ஏழ்மை. இந்த வீட்டில் இருந்தது கடன். ரெண்டும் வேற வேற. ஏழ்மையை நான் தேர்ந்தெடுத்தேன். கடனை யாரும் தேர்ந்தெடுக்கிறதில்லை. இன்னொண்ணு, என் வீட்டுக்காரியை ஒரு மடமா ஆக்காதே. அவள் எதுக்கும் பதிலா வந்தவள் இல்லை. மடத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை, தம்பி. வருஷத்துக்கு நாற்பது பிள்ளைகள் வருவான்கள். எல்லார் மேலேயும் பிரியமா இருந்தேன். ஏப்ரலில் போயிடுவான்கள், ஜூனில் வேற நாற்பது பேர். என்கிட்டே கணக்குக் கேட்க ஒருத்தனுக்கும் பாத்தியதை இல்லை. அப்படி இருந்துக்கிட்டே புனிதரா ஆகிறவங்க உண்டு. என் கூடவே இருந்தாங்க. எனக்கு அது மெள்ள மெள்ளச் சௌகரியமா ஆகிப்போச்சு. ‘ஏன் லேட்டு?’ன்னு என்னைக் கேட்க ஒரு ஆள் வேணும்னு இருந்தது. அதுதான் காரணம். பெரிய காரணம்னு சொல்ல மாட்டேன்.”

“அப்போ நீங்க வந்தது தப்பில்லையே?”

“எங்கப்பா ஒரு நாளைக்கு முப்பது பனை ஏறி இறங்குவார். இறங்கினாத்தான் பதநீர் வீட்டுக்கு வரும். இறங்கினவரை யாரும் விழுந்தவர்னு சொன்னதில்லை. இதை நினைச்சு நானும் கொஞ்ச நாள் ஆறுதல் பட்டுக்கிட்டேன். ஆனா எங்கப்பா எந்தப் பனைகிட்டேயும் ‘இனி இறங்க மாட்டேன்’னு சத்தியம் பண்ணினதில்லை. நான் பண்ணினேன்.”

இதற்குமேல் என் விஷயத்தை மறைத்துவைக்க முடியவில்லை. சொன்னேன். ஆசிரமம், எழுத்து, தவம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: “வீட்டில் சொல்லிட்டியா?”

நான் பேசாமல் இருந்தேன். அப்போதுதான் அவர் தாம் வெளியே வந்த நாளைச் சொன்னார்.

கையெழுத்துப் போட்ட மறுநாள் காலை ஐந்து மணிப் பஸ்ஸில் போய்விடும்படி அவரிடம் சொன்னார்கள். மற்றச் சகோதரர்களிடம் விடைபெற வேண்டாம். சிறுவயதுக்காரர்கள் மனம் கலங்குவார்கள் என்றார்கள். அந்தக் காலத்தில் பல மடங்களில் அதுதான் வழக்கம். அங்கியை மடித்துக் கட்டிலில் வைத்துவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வராந்தாவில் சத்தம் கேட்காமல் நடந்து வெளியே வந்தார். மடத்தில் சமையலையும் தோட்டத்தையும் பார்த்துவந்த முதிய சகோதரர் ஒருவர் இருந்தார். இவரைப் பதினெட்டு வயதுப் பையனாகப் பார்த்து வளர்த்தவர். அன்று காலை அவர் வழக்கம்போல் எல்லார் தட்டையும் மேஜையில் வைத்தார். இவர் தட்டையும் வைத்தார். விஷயம் தெரிந்தபிறகும் ஒரு வாரம் வைத்துக்கொண்டே இருந்தாராம்.

“போகச் சொன்னாங்க, போனேன். இருபது வருஷம் கீழ்ப்படிஞ்சவன், அந்த ஒரு நாள் கீழ்ப்படியாம இருந்திருக்கலாம். மேஜையில் உட்கார்ந்து, ‘நான் போறேன்’னு அவங்க முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். ரோமாபுரியிலிருந்து வந்த காகிதம் சாமிக்கும் எனக்கும் இருந்த கட்டை அவிழ்த்துது. அந்தத் தட்டை எடுக்க அதால் முடியலை.”

பிறகு அவர் விட்டல பந்தின் கதையைச் சொன்னார். தமிழாசிரியர் அல்லவா? எந்த மதத்துக் கதையானாலும் அவருக்குச் சொந்தம்தான். மராத்தி நாட்டில் வழிவழியாகச் சொல்லிவருவது இது. விட்டல பந்த் இளம் மனைவி ருக்மிணியை ஆளந்தியில் விட்டுவிட்டுக் காசிக்குப் போய்ச் சந்நியாசம் வாங்கிக்கொண்டார். அவருடைய குரு ஒரு தடவை யாத்திரை வரும்போது ஆளந்தியில் ஒரு பெண் வந்து அவரை வணங்கினாள். “புத்திரவதியாக இரு” என்று ஆசீர்வதித்தார். அவள் அழுதாள். அவள் யார் என்று விசாரித்தபோது தம் சீடன் செய்த காரியம் தெரிந்தது. யாருக்கு வாக்குக் கொடுத்தானோ அவளைக் கேட்காமலே இன்னொரு வாக்குக் கொடுத்திருக்கிறான்! குரு சீடனை வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிட்டார். நான்கு குழந்தைகள் பிறந்தன. ஊரார் அவர்களை ஒதுக்கிவைத்தார்கள். பிராயச்சித்தம் என்ன என்று கேட்டதற்குப் பண்டிதர்கள் ‘மரணம்’ என்றார்கள். தாயும் தந்தையும் நீரில் மூழ்கி உயிரை விட்டார்கள். அந்த நான்கு குழந்தைகளில் ஒருவர்தான், 1290இல் பகவத்கீதைக்கு ஞானேசுவரி என்ற உரையை மராத்தியில் தந்த ஞானேசுவரர்.

“உங்க தாத்தா சொன்னாராமே ஆரூடபதிதன்னு, அந்த ஆரூடபதிதன் பெத்த பிள்ளை” என்றார். “ஆனா நான் இதைச் சொன்னது அதுக்காக இல்லை. ஊர் அவர் திரும்பி வந்ததைக் குத்தம்னு சொல்லிச்சு. குரு அவர் போனதையே குத்தம்னார். ரெண்டு பேரில் குருதான் அந்தப் பொம்பளை முகத்தைப் பார்த்தவர். நீ போ, போகாதே, அதை நான் சொல்ல மாட்டேன். நான் வெளியே வந்ததைக் காட்டி உனக்கு வழி கேட்காதே. ரெண்டு காரியம் பண்ணு. யாருக்கு வாக்குக் கொடுத்தியோ அந்த ஆள்கிட்டே முதல்லே சொல்லு, மத்த எல்லாருக்கும் முன்னாடி. அப்புறம், நீ இறக்கி வைக்கிற சுமையை எடுக்கப்போற ஆள் யாருன்னு பாரு. அந்த ஆள் தோளைப் பாரு. பார்த்துட்டு, அப்பவும் போகணும்னு தோணுச்சுன்னா, பகலில் போ. அஞ்சு மணி பஸ்ஸில் போகாதே.”

அவர் குளிக்கப் போன நேரத்தில் அவர் மனைவி காப்பி கொண்டுவந்தாள். அந்த அம்மாள்தான் மீதியைச் சொன்னாள். 1995இல் அந்த முதிய சகோதரரைப் பக்கவாதம் தாக்கியது. செய்தி கேட்டதும் இவர் சனிக்கிழமைதோறும் மடத்துக்குப் போகத் தொடங்கினார். கையில் ஒரு ரேசரும் சோப்பும் பழைய துண்டும். படுத்திருப்பவருக்குச் சவரம் செய்துவிடுவார். முதல் சனிக்கிழமை கிழவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். இவர் திரும்பாத கன்னத்துக்கு மட்டும் சவரம் செய்துவிட்டு வந்துவிட்டாராம். அடுத்த வாரம் மறுபடி போனார். மூன்று மாதம் ஒரு பேச்சில்லை. ஒரு நாள், துண்டை மடித்துக்கொண்டு கிளம்பும்போது, குழறும் வாயால் கிழவர் சொன்னார்: “மோர் குடிச்சிட்டுப் போ.” 1998இல் கிழவர் இறக்கும்வரை அந்தச் சனிக்கிழமை தவறவில்லை. “எனக்குப் பிரசவம் ஆன வாரம் மட்டும் ஞாயித்துக்கிழமை போனாங்க” என்றாள் அந்த அம்மாள். “என் புருஷனைக் கட்டிக்கிட்ட நாளிலேருந்து ஊரே பிரதர், பிரதர்னு கூப்பிடுது. எனக்குத்தான் கூப்பிட வாய் வரலை.”

அன்றிரவு நான் வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்ன சொன்னாள் என்பது வாசகர்களுக்கு வேண்டாத விஷயம். நான் போகவில்லை. போகாமல் இருந்ததால் நல்லவன் ஆகிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். அதனால் என் எழுத்து உயர்ந்ததென்றும் சொல்ல மாட்டேன். இந்தக் கட்டுரையை எழுதுகிற இந்த நேரத்திலும் காப்பி ஆறிப்போவதாக உள்ளேயிருந்து குரல் வந்துகொண்டுதான் இருக்கிறது.

லா சாலின் வரலாற்றில் ஒரு செய்தி உண்டு. 1691இல் அவருடைய சபை குலைந்துபோகும் நிலையில் இருந்தது. அப்போது அவரும் இரண்டு சகோதரர்களும் ரகசியமாக ஒரு வாக்குக் கொடுத்துக்கொண்டார்கள். பிச்சையெடுத்து வெறும் ரொட்டி தின்ன நேர்ந்தாலும் பிரிவதில்லை என்று. அந்த இருவரில் ஒருவர் பின்னால் விலகிப்போனார். இன்னொருவரான கபிரியேல் துரோலேன் 1702இல் ரோமாபுரிக்கு அனுப்பப்பட்டு, துணைக்கு ஆளில்லாமல் 20 ஆண்டுகளுக்கு மேல் தனியாகவே அந்த வாக்கைக் காப்பாற்றினார். ஒரே நாளில், ஒரே அறையில், ஒரே சொற்களால் கொடுத்த வாக்கு ஒருவரிடம் அப்படியும் ஒருவரிடம் இப்படியும் ஆயிற்று. காப்பாற்றியவரை நான் வணங்குகிறேன். எங்கள் ஆசிரியரும் வணங்கினார். தாம் செய்ததைச் சரியென்று காட்டுவதற்காக மற்றவர் விரதத்தை அவர் ஒரு நாளும் குறைத்துப் பேசியதில்லை. வாக்கைக் காப்பாற்ற முடியாதவனுக்கும் ஒரு கடமை மீதி இருக்கிறது. அது அந்த வாக்கை நம்பி வாழ்ந்தவர்களுக்குச் செய்ய வேண்டிய கடமை. சட்டம் வாக்கிலிருந்து விடுவிக்கும். அந்தக் கடமையிலிருந்து யாரும் விடுவிக்க முடியாது. இதைத்தான் நான் அவரிடம் கற்றுக்கொண்டேன்.

2014இல் அவர் இறந்தார். மடத்திலிருந்து ஐந்து சகோதரர்கள் வெள்ளை அங்கியில் வந்திருந்தார்கள். மடத்துக் கல்லறை வரிசையிலேயே அவரைப் புதைக்கலாம் என்று அவர்கள் பெருந்தன்மையோடு சொன்னார்கள். அப்படி நடந்ததும் உண்டு. அமெரிக்காவில் வில்லியம் எவர்சன் என்ற கவிஞர் அந்தோணினஸ் என்ற பெயரில் 18 வருஷம் டொமினிக்கன் சபைச் சகோதரராக இருந்தார். 1969 டிசம்பரில் ஒரு கவிதை வாசிப்பின் முடிவில், கூட்டத்தின் முன்னாலேயே அங்கியைக் கழற்றிவிட்டுக் கல்யாணம் செய்துகொள்ளப் போனார். 1994இல் இறந்தபோது கலிபோர்னியாவில் பெனீசியா என்ற ஊரில் அதே டொமினிக்கன் துறவிகளின் கல்லறையில்தான் அவரைப் புதைத்தார்கள். மேடையில் அங்கியைக் கழற்றியவருக்கும் அவர்கள் இடம் கொடுத்தார்கள்.

ஆனால் எங்கள் ஆசிரியர் முன்னமேயே சொல்லிவைத்திருந்தார்: “எனக்குப் பங்குக் கல்லறையில், பக்கத்தில் இன்னொரு ஆளுக்கு இடம் விட்டுப் புதையுங்க. அவள் கேட்பாள், எங்கேன்னு.” அப்படியே செய்தார்கள். சகோதரர்கள் பாடினார்கள். அவர்களில் இளையவர், அவரைப் பார்த்தேயிராதவர், குழியில் மண் தள்ளி முடிந்ததும் கையைக் கழுவாமலே நின்றுகொண்டிருந்தார்.

அந்த அம்மாள் இன்னும் அதே வீட்டில் இருக்கிறாள். சென்ற மாதம் அந்தத் தெருவுக்கு வேறொரு காரியமாகப் போனேன். வழி கேட்டதற்கு, அவர் இறந்தபிறகு பிறந்திருக்க வேண்டிய ஒரு பையன் கையை நீட்டிச் சொன்னான்: “பிரதர் வீட்டுக்கு அடுத்த வீடு.”